அயர்லாந்து ஏன் இரண்டாகக் கிடக்கிறது: நிலத்திலிருந்து தொடங்கும் ஒரு நீண்ட பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "அயர்லாந்தின் அரசியல் வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் எவை? எல்லாமே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மதச் சண்டைதானே?"

முதலில் அந்த இரண்டாவது வரியைச் சரிசெய்துவிடலாம், இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது. பூசை எப்படிச் செய்வது, போப்பாண்டவர் பெரியவரா இல்லையா என்பதற்காக அங்கே யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. யாருடைய பாட்டன் நிலத்தைப் பறிகொடுத்தான், யாருடைய பாட்டனுக்கு அந்த நிலம் கிடைத்தது என்பதை ஊருக்குக் காட்டுகிற அடையாளமாகத்தான் மதம் அங்கே இருந்தது. சண்டை நிலத்துக்காக. அப்புறம் அந்த நிலத்தை ஆள்வது யார் என்பதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நானூறு வருடக் கதை ஒரே கதையாகத் தெரியும்.

பள்ளிப் பாடங்கள் 1169-இல் தொடங்கும். லென்ஸ்டர் அரசன் டர்மட் மக்மரோ, பதவி பறிபோன கோபத்தில் கடல் தாண்டிப் போய் நார்மன் பிரபுக்களை உதவிக்குக் கூட்டிவந்தான், வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1171-இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியே படையோடு வந்து இறங்கினான். அதைத்தான் "எண்ணூறு வருட அடிமைத்தனம்" என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வந்த நார்மன்கள் சில தலைமுறைகளில் ஐரிஷ் மொழி பேசி, அங்கேயே பெண் எடுத்து, ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள். "ஐரிஷ்காரர்களோடு கல்யாணம் கூடாது, அவர்கள் மொழி பேசக் கூடாது" என்று 1366-இல் கில்கெனியில் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் கலப்பு எந்த அளவுக்கு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலக்காமல் போனது 1609-க்குப் பிறகுதான். தெற்கே தனிக் குடியரசு, வடக்கே பிரிட்டனோடு இருக்கும் பகுதி என்ற இன்றைய வரைபடம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்கதை சின்னது. தீவின் வடக்கே அல்ஸ்டர் மாகாணம்தான் ஆங்கில ஆட்சிக்கு மிகவும் அடங்காத பகுதி. 1601-இல் கின்சேல் போரில் அல்ஸ்டர் தலைவர்கள் தோற்றார்கள், 1607-இல் டோனகல் கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள், திரும்பவே இல்லை. அவர்கள் விட்டுப்போன நிலம் முழுவதும் அரசுக்கு என்று அறிவித்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டன்ட் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். லண்டன் வணிகக் குழுமங்களுக்குப் பெரிய பங்கு போனது, அதனால்தான் டெரி என்ற ஊர் லண்டன்டெரி ஆனது. இன்றைக்கும் அந்த ஊரை எந்தப் பெயரில் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தப் பக்கம் என்று அங்கே கணித்துவிடுவார்கள்.

குடியேறியவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். பலர் ஏழை விவசாயிகள். வந்த இடத்தில், நிலத்தை இழந்தவர்கள் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1641-இல் கிளர்ச்சி வெடித்தபோது குடியேறியவர்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். எட்டு வருடம் கழித்து இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல் வந்து டிராகடாவிலும் வெக்ஸ்ஃபர்டிலும் நடத்திய படுகொலை அதற்குப் பழிவாங்கல் என்று அவரே நினைத்தார். முற்றுகையில் மாட்டிய பயம் ஒரு பக்கம், பறிகொடுத்த ஆத்திரம் மறுபக்கம். இந்த இரண்டும் அப்புறம் வந்த ஒவ்வொரு நெருக்கடியிலும் அப்படியே திரும்பி வருகின்றன.

1690-இல் பாயின் ஆற்றங்கரையில் புராட்டஸ்டன்ட் அரசர் வில்லியம், கத்தோலிக்க அரசர் ஜேம்ஸைத் தோற்கடித்தார். வட அயர்லாந்தில் ஜூலை 12 அன்று ஆரஞ்சு நிறப் பட்டையோடு ஊர்வலம் போகிறார்களே, அது இதன் நினைவாகத்தான். 1641-இல் நிலத்தில் சுமார் 60 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703 வாக்கில் அது 14 சதவீதமாகச் சுருங்கியது. மக்கள்தொகையில் பெரும்பான்மை அவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். அதோடு தண்டனைச் சட்டங்கள் வேறு: கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்காரக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது, ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. அப்பன் செத்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் துண்டு போட வேண்டும், ஆனால் மூத்த மகன் புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டால் முழுவதும் அவனுக்கே. ஒரு வீட்டுக்குள்ளேயே அண்ணன் தம்பியைப் பிரிக்கிற சட்டம் இது. வெறுப்பைவிட, நிலம் திரும்பக் கைமாறிவிடக் கூடாது என்ற கணக்குதான் இதில் எனக்கு அதிகம் தெரிகிறது.

மதச் சண்டை என்பவர்களிடம் நான் எப்போதும் 1798-ஐக் காட்டுவேன். அந்த வருடக் கிளர்ச்சியை நடத்திய ஐக்கிய ஐரிஷ்காரர்கள் சங்கம் 1791-இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கப்பட்டது, தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியன் என்ற பிரிவைச் சேர்ந்த புராட்டஸ்டன்டுகள். அவர்கள் தலைவர் வுல்ஃப் டோனும் புராட்டஸ்டன்ட். பிரெஞ்சுப் புரட்சியின் உற்சாகத்தில், மதம் பார்க்காமல் எல்லோரும் ஐரிஷ்காரர் என்ற ஒரே பெயரில் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள். தோற்றார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பயந்துபோன லண்டன், டப்ளினில் இருந்த நாடாளுமன்றத்தையே இல்லாமல் செய்துவிட்டது. பட்டமும் பதவியும் கொடுத்து, அந்த உறுப்பினர்களையே தங்கள் சபையைக் கலைக்க வாக்களிக்க வைத்தார்கள். 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்த ஒரே அரசு. அந்த நாடாளுமன்றக் கட்டடம் கொஞ்ச நாளில் வங்கியாகிவிட்டது.

அடுத்து டேனியல் ஓ'கானல். ஆயுதம் தொடாமல் லட்சக்கணக்கான ஏழைகளை அரசியலுக்குக் கொண்டுவந்த முதல் தலைவர். மாதம் ஒரு பென்னி சந்தா வாங்கி இயக்கம் கட்டினார். 1828-இல் கிளேர் இடைத்தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர் ஜெயித்தாலும் உள்ளே போக முடியாது என்று தெரிந்தும் நின்று, ஜெயித்துக் காட்டினார். அன்றைக்கு ரகசிய வாக்கு கிடையாது. நிலச்சுவான்தார் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்கள் ஓ'கானலுக்கு வெளிப்படையாக ஓட்டுப் போட்டார்கள். மறு வருடமே கத்தோலிக்கர் உறுப்பினராகலாம் என்று சட்டம் வந்தது. ஆனால் கூடவே வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 2 பவுண்டிலிருந்து 10 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். அதாவது ஓ'கானலை ஜெயிக்க வைத்த அந்தக் குத்தகைக்காரர்களின் ஓட்டே போய்விட்டது.

இப்போது பஞ்சம். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏழைகள் உருளைக்கிழங்கை மட்டும் நம்பி வாழ்ந்ததற்குக் காரணம் ருசி இல்லை, நிலம்தான். அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்கச் சோறு போடுகிற பயிர் வேறு எதுவும் கிடையாது. மீதி நிலத்தில் விளைந்த தானியமெல்லாம் குத்தகைக்குப் போய்விடும். 1845-இல் கருகல் நோய் வந்தது, 1846-இல் பயிர் மொத்தமாக அழுகியது. அப்போது லண்டன் கருவூலத்தில் நிவாரணத்தைக் கவனித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். சந்தையில் அரசு தலையிடக் கூடாது, இலவசமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவார்கள் என்பது அவர் கொள்கை, பஞ்சம் கடவுள் கற்பிக்கும் பாடம் என்றும் நம்பினார். அதனால் பட்டினியில் இருப்பவர்களைக் கல் உடைக்க வைத்துக் கூலி கொடுத்தார்கள், எங்கேயும் போய்ச் சேராத சாலைகளைப் போட வைத்தார்கள். 1847 கோடையில் கஞ்சித் தொட்டி திறந்தபோது ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்கு உணவு போனது. அதாவது, அரசு நினைத்தால் முடியும் என்பது கண் முன்னே நிரூபணமானது. அதை அந்த இலையுதிர்காலத்துக்குள் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை என்று ஒரு விதியும் வந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வா என்பதுதான் அதன் அர்த்தம். இதே நேரத்தில் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன.

சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சம். தெற்கு, வடக்கு இரண்டையும் சேர்த்தாலும் அந்தத் தீவு இன்று வரை 1841 எண்ணிக்கையைத் தொடவில்லை.

டிரெவெல்யனை நமக்கும் தெரியும். 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் அதே ஆள்தான், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்தில் வந்தது. 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் இங்கே இல்லை. ஆனால் சந்தையைத் தொடாதே, கூலிக்குக் கல் உடைக்க வை, தானிய ஏற்றுமதியை நிறுத்தாதே என்ற அதே கொள்கை மாறாமல் இருந்தது. நம் பாட்டிமார் தாது வருஷத்தைச் சொன்ன குரலும், அயர்லாந்தில் 1847-ஐக் கறுத்த நாற்பத்தேழு என்று சொல்கிற குரலும் ஒன்றுதான்.

பஞ்சத்துக்குப் பிறகு "லண்டன் ஆட்சி கொஞ்சம் மோசம்" என்று சொன்னவர்கள் "லண்டன் ஆட்சியே வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களின் பணம் இயக்கங்களுக்கு வந்தது. 1879-இல் மைக்கேல் டேவிட் தொடங்கிய நிலச் சங்கத்துக்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தலைவரானார். பார்னெல் புராட்டஸ்டன்ட், அதுவும் நிலச்சுவான்தார். மறுபடியும் உங்கள் மதச் சண்டைக் கணக்கு இடிக்கிறது பாருங்கள். 1880-இல் மேயோ மாவட்டத்தில் கேப்டன் பாய்காட் என்ற பண்ணை நிர்வாகி குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தபோது, ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால்காரப் பையன் கூட வரவில்லை. கடைசியில் அல்ஸ்டரிலிருந்து 50 பேரைக் கூட்டிவந்து, ஆயிரம் சிப்பாய்களைக் காவல் வைத்து, ஐந்நூறு பவுண்டு பெறுகிற பயிரை அறுக்க அரசு பத்தாயிரம் பவுண்டு செலவழித்தது. நாம் இன்று பகிஷ்கரிப்புக்குச் சொல்கிற பாய்காட் அவர் பெயர்தான். கல் எறியாமல் ஒரு அதிகாரத்தை முடக்கிய இந்த முறைதான் அயர்லாந்து உலகத்துக்குக் கொடுத்ததில் பெரியது என்று நான் நினைக்கிறேன். அடுத்த முப்பது வருடங்களில், 1903 சட்டம் உட்பட ஒன்றன்பின் ஒன்றாக வந்த சட்டங்களால், குத்தகைக்காரர்கள் நிலத்தைத் தங்கள் பெயருக்கே வாங்கினார்கள். நிலக் கேள்வி தீர்ந்தது; ஆளும் உரிமை பாக்கி.

அந்த உரிமைக்குப் பெயர் ஹோம் ரூல், அதாவது பிரிட்டனுக்குள் இருந்தபடியே டப்ளினில் தன்னாட்சி. 1886-இலும் 1893-இலும் மசோதா தோற்றது, 1912-இல் மூன்றாவது வந்தது. இதைப் பார்த்துத்தான் அன்னி பெசன்ட் 1916-இல் அடையாறிலிருந்து அதே பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். ஆனால் அல்ஸ்டர் புராட்டஸ்டன்டுகளுக்கு இது மரண பயம். டப்ளினில் ஆட்சி என்றால் கத்தோலிக்கப் பெரும்பான்மை ஆட்சி, 1641 திரும்ப வரும். 1912 செப்டம்பர் 28 அன்று எதிர்ப்பு உறுதிமொழியில் ஆணும் பெண்ணுமாகக் கிட்டத்தட்ட நாலே முக்கால் லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1914-இல் ஜெர்மனியிலிருந்து துப்பாக்கிகளைக் கடத்தி லார்ன் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஐரிஷ் அரசியலில் மறுபடியும் துப்பாக்கியைக் கொண்டுவந்தது குடியரசுவாதிகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் கொண்டுவந்தது பிரிட்டனுக்கு விசுவாசமான தரப்புதான்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். முழு விடுதலை கேட்ட கிளர்ச்சிக்காரர்கள் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைப் பிடித்தார்கள், அதன் வாசலில் நின்று அவர்கள் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வழிப்போக்கர்கள். ஆறு நாளில் முடிந்தது, நகரின் நடுப்பகுதி எரிந்து கிடந்தது, சுமார் 480 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் பொதுமக்கள். சரணடைந்தவர்களைக் கூட்டிப் போகும்போது டப்ளின் மக்களில் பலர் அவர்களைத் திட்டினார்கள், திட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளே முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சீருடையில் பிரான்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயே விட்டிருந்தால் அது ஒரு தோற்ற கலகம். ஆனால் மே 3-இலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் கிளர்ச்சித் தலைவர்களைச் சுட ஆரம்பித்தது, ஒரே நாளில் அல்ல, ஒருநாள் மூன்று பேர், மறுநாள் நாலு பேர் என்று பத்து நாள் இழுத்து. ஜோசப் பிளங்கெட் சாவதற்குச் சில மணி நேரம் முன்னால் சிறைக் கோவிலில் தன் காதலியைக் கல்யாணம் செய்துகொண்டார். கால் எலும்பு நொறுங்கி நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை மே 12 அன்று நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். திட்டிய அதே ஜனம் இரண்டே வாரத்தில் அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்தது. 1918 தேர்தலில் 105 இடங்களில் 73 இடங்கள் தனிக் குடியரசு கேட்ட சின் ஃபெய்ன் கட்சிக்கு. லண்டனுக்குப் போக மறுத்து 1919 ஜனவரி 21 அன்று டப்ளினிலேயே தங்கள் சபையைக் கூட்டினார்கள். அன்றைக்கே டிப்பரேரியில் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டு கெரில்லாப் போரும் தொடங்கியது.

1921 டிசம்பர் 6 ஒப்பந்தம்தான் எல்லாவற்றிலும் அதிகம் விவாதிக்கப்படுவது. வடக்கு போக மீதி 26 மாவட்டங்களுக்கு டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி, ஆனால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம். முழு விடுதலை இல்லை, அதை அடைவதற்கான விடுதலை என்றார் அதில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ். செத்தவர்களுக்குத் துரோகம் என்றது சின் ஃபெய்ன் தலைவர் டி வலேராவின் தரப்பு. 64-க்கு 57 என்று சபை ஏற்றது. அந்த விவாதத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும், பெரும்பகுதி அந்தப் பிரமாணத்தைப் பற்றியது. வடக்கு பிரிந்ததைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். வடக்கு ஏற்கெனவே 1920 சட்டத்தால் தனியாகிவிட்டது. அல்ஸ்டரில் ஒன்பது மாவட்டங்கள். நாலில்தான் புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை. ஒன்பதையும் எடுத்தால் பெரும்பான்மை நிலைக்காது, நாலை மட்டும் எடுத்தால் ஆள்வதற்குப் போதாது. அதனால் ஆறு. அப்படிக் கணக்குப் போட்டு வரைந்த கோட்டில், கத்தோலிக்கர் கொஞ்சம் அதிகமாக இருந்த ஃபெர்மானாவும் டைரோனும் மாட்டிக்கொண்டன.

பிறகு உள்நாட்டுப் போர். 1922 ஜூன் 28 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த, ஒப்பந்தத்தை எதிர்த்த பழைய தோழர்கள் மேல் காலின்ஸின் படை பீரங்கி வைத்தது, பீரங்கி பிரிட்டனிடம் கடன் வாங்கியது. இரண்டு நாளில் அங்கிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து, நூற்றாண்டுகளின் பத்திரங்களும் குடிக்கணக்குகளும் சாம்பலாகப் பறந்தன. பஞ்சத்துக்கு முன்பு எந்த ஊரில் யார் இருந்தார்கள் என்ற பதிவுகளும் அதில் போய்விட்டன. ஆகஸ்ட் 22 அன்று காலின்ஸ் சுடப்பட்டார், வயது 31. புதிய அரசு தன் முன்னாள் தோழர்கள் எழுபதுக்கு மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. பத்தே வருடத்தில், 1932 தேர்தலில், போரில் தோற்ற டி வலேரா ஜெயித்தபோது, வென்ற தரப்பு சத்தமில்லாமல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு எழுந்து போனது. இதை யாரும் முக்கியத் தருணம் என்று பட்டியலில் போடுவதில்லை, நான் முதலிடத்தில் போடுவேன். 1937 அரசியல் சட்டம் வந்தது (நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் அதிலிருந்து எடுத்தவை), 1949-இல் முழுக் குடியரசு.

வடக்கில் ஐம்பது வருடம் ஒரே கட்சி ஆட்சி. டெரியில் கத்தோலிக்கர் பெரும்பான்மை, ஆனால் வார்டுகளை வெட்டி ஒட்டிய விதத்தில் நகராட்சி எப்போதும் மறு தரப்புக்கு. உள்ளாட்சி ஓட்டு வீட்டு வரியோடு சேர்ந்தது, அதனால் யாருக்கு வீடு ஒதுக்குகிறார்கள் என்பதே அரசியல். 1968 ஜூனில் காலெடன் என்ற சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு காத்திருக்க, கல்யாணமாகாத 19 வயதுப் புராட்டஸ்டன்ட் பெண்ணுக்கு ஒரு வீடு போனது. ஆஸ்டின் கரி என்ற சபை உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து சம உரிமைப் பேரணிகள், தடியடி, கலவரம், ராணுவம். 1972 ஜனவரி 30 அன்று டெரியில் பேரணிக்கு வந்தவர்கள் மேல் ராணுவம் சுட்டு 13 பேர் அன்றே செத்தார்கள், ஒருவர் பிறகு. முதல் விசாரணை ராணுவத்தைக் காப்பாற்றியது. செத்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. 1916 பாடத்தை லண்டன் கற்கவே இல்லை: ஐக்கிய அயர்லாந்துக்காக ஆயுதம் தூக்கிய ஐ.ஆர்.ஏ.வுக்கு அந்த ஒரு நாள் சேர்த்துக்கொடுத்த ஆட்களை எந்தப் பிரச்சாரமும் சேர்த்திருக்காது. 1981-இல் மறுபடியும் அதே. சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஐ.ஆர்.ஏ. கைதி பாபி சாண்ட்ஸ் நாடாளுமன்றத்துக்கே தேர்வாகி, 66-ஆவது நாளில் செத்தார், அவர் பின்னால் இன்னும் ஒன்பது பேர். ஐ.ஆர்.ஏ. செய்ததையும் மறைக்கக் கூடாது. முப்பது வருடத்தில் செத்த மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அவர்கள் கையால் செத்தவர்கள். கடைக்குப் போனவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி ஒப்பந்தம். வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் ஆதரவு. அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது: வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், எது என்று முடிவு செய்வது அவரே. 1609-இலிருந்து யாரும் யாருக்கும் தராத அனுமதி இது. வடக்கு எந்த நாட்டோடு இருக்க வேண்டும் என்பதை அங்குள்ள மக்களின் பெரும்பான்மையே தீர்மானிக்கும் என்றும், அதற்கான வாக்கெடுப்புக்கு வழி என்ன என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் சின் ஃபெய்னைச் சேர்ந்த மிஷெல் ஓ'நீல் வடக்கின் முதலமைச்சரானார். பிரிந்திருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கும்படி எண்ணி எண்ணி வரைந்த கோட்டுக்குள், ஐக்கிய அயர்லாந்து கேட்கும் கட்சிக்கு முதலமைச்சர் பதவி கிடைத்த முதல் தடவை அது. அந்தக் கோட்டை இன்று காரில் கடந்தால் சாவடியும் இல்லை, சிப்பாயும் இல்லை. வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வரும், அவ்வளவுதான்.